மூன்றாவது அமர்வுக்குப் பிறகு வராமல் போகிறவர்களுக்கு

மூன்று வாரம் தவறாமல் வந்தார். நான்காவது வாரம், வரவேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் ஒரு வாட்ஸ்அப்: "வேலை ரொம்ப டாக்டர். அடுத்த மாசம் நானே கூப்பிடறேன்." அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியலாளராக இருக்கிற எனக்கு இந்தச் செய்தி பழகிப்போன ஒன்று. இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் நாலு தலைமுறையாக வாழ்கிற குடும்பத்துப் பெண்மணியிடமிருந்தும் வரும். சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத இளைஞரிடமிருந்தும் வரும். போனவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் உண்டு. பேச்சு சிகிச்சையில் எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர்களில் பலர் தொடர்ந்து வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிற யாரும் நிஜமான ஒரே ஆள் அல்லர். பலருடைய அனுபவங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் பெரும்பாலும் என்னுடைய கேள்விகளிலேயே போய்விடும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், முன்னால் இப்படி இருந்ததுண்டா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சிலர் திடுக்கிடுவார்கள். எல்லோரிடமும் கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைக்கிறது.

ரகசியம் பற்றியும் அன்றே பேசிவிடுவேன். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய பயம், அது நியாயமான பயமும்கூட. டர்பன் தமிழர்களுக்குள் மூன்று பேரைக் கேட்டால் நாலாவது ஆள் சொந்தக்காரராக இருப்பார். நீங்கள் சொல்வதை உங்கள் கணவரிடமோ மாமியாரிடமோ கோயில் கமிட்டியிடமோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. விதிவிலக்குகள் சில: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் வெளியே சொல்லவேண்டி வரும்; ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாவது தெரிந்தால் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி நான் புகார் செய்தே ஆகவேண்டும்; நீதிமன்றமும் உத்தரவிடலாம். கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்வேன். "தைப்பூசத்தில் காவடி பார்க்க வந்த இடத்தில் நான் உங்களைப் பார்த்தால், முதலில் நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் சிரித்தால் சிரிப்பேன். பார்க்காத மாதிரி போனாலும் தப்பாக நினைக்க மாட்டேன்." இதைக் கேட்டதும் பலருடைய தோள் கொஞ்சம் இறங்கும்.

பலர் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மருத்துவச் செலவை ஏற்கும் திட்டமான மெடிக்கல் எய்டில் கட்டணம் போட்டால், பில்லில் உங்களுக்கு என்ன நோய் என்று காட்டும் ஐசிடி-10 என்ற சர்வதேசக் குறியீடு இருக்கும். கணக்கு விவரம் பொதுவாகத் திட்டத்தின் முதன்மை உறுப்பினருக்குப் போகும். கணவருடைய திட்டத்தில் இருக்கிற ஒரு பெண், கணவருக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தால், நான் வாய் திறக்காமலேயே விஷயம் வெளியே போய்விடக்கூடும். இதை முதல் நாளே கேளுங்கள். சிலர் கையிலிருந்து கட்டுவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, மூன்றாவது அமர்வுக்கு வருவோம். அதற்குள் ஒரு ஏமாற்றம் சேர்ந்திருக்கும். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். நானோ பதில் சொல்லாமல், "என்ன செய்யணும்னு உங்க மனசுல என்ன ஓடுது?" என்று திருப்பிக் கேட்பேன். காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிறாளே என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். நாம் வளர்ந்த விதம் அப்படி: கஷ்டம் என்றால் பெரியம்மா சொல்வார், சாமியார் சொல்வார், குடும்ப டாக்டர் சொல்வார், நாம் தலையாட்டுவோம்.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அறிவுரைக்குப் பஞ்சப்பட்டவர்கள் இல்லை. "அனுசரிச்சுப் போ", "பிள்ளைங்க முகத்தைப் பாரு", "எல்லாம் சரியாப் போகும்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் வருகிறார்கள். இந்த அறையிலும் ஒருத்தி உட்கார்ந்து "அவரை விட்டு வந்துடு" என்றோ "பொறுத்துப் போ" என்றோ சொன்னால், அவர்கள் கீழ்ப்படிய வேண்டியவர்கள் பட்டியலில் இன்னொரு பெயர் கூடும், அவ்வளவுதான். மூச்சுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு, பயத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்வது போன்ற வழிமுறைகளை நான் தாராளமாகவே சொல்லித்தருவேன், வீட்டுப்பாடமும் தருவேன். வாழ்க்கை முடிவுகளை மட்டும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

அதே கட்டத்தில் நடக்கிற இன்னொன்று, நிலைமை மோசமாவது. பத்து வருடம் மூடி வைத்திருந்ததைத் திறந்திருக்கிறீர்கள். அன்று இரவு தூக்கம் வராது. இறந்துபோன அப்பா கனவில் வருவார். சமைத்துக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும். "இங்க வந்ததுக்கப்புறம்தான் எனக்கு ரொம்ப முடியாமப் போச்சு" என்பார்கள். உண்மைதான். பலருக்கு இது சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைக்கவேண்டியது என் பொறுப்பு. மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன், ஏனென்றால் தென்னாப்பிரிக்காவில் உளவியலாளர்கள் மருந்து எழுத முடியாது. ஆனால் இதையெல்லாம் நான் செய்ய, மோசமாகிறது என்று நீங்கள் என்னிடம் சொல்லியாக வேண்டும். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவான சாடாக்கின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இலவசம்.

ஒரு அமர்வு பெரும்பாலும் 50 நிமிடம். அந்த 50 நிமிடத்தில் முக்கியமான வாக்கியம் எப்போது வரும் தெரியுமா? முடிந்து எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போகும்போது. "அது ஒண்ணுமில்ல டாக்டர், சின்ன வயசுல மாமா ஒருத்தர்..." அந்த நேரத்தில் நான் உட்காரச் சொல்லாமல் போவது எனக்கே வலிக்கும். "இதைச் சொன்னதுக்கு நன்றி, அடுத்த வாரம் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்" என்பேன். நேரத்தோடு முடிப்பது புறக்கணிப்பு அல்ல. இவ்வளவு நேரம்தான் என்று தெரிந்திருப்பதால்தான் பலரால் அதைச் சொல்லவே முடிகிறது.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆங்கிலத்திலேயே வளர்ந்த டர்பன்காரர்கள்கூட, துக்கம் தொண்டைக்கு வரும்போது பாட்டியிடம் கேட்ட நாலைந்து தமிழ்ச் சொற்களுக்குத் தாவுவார்கள். "வயிறு எரியுது", "நெஞ்சை அடைக்குது" என்பதற்கு நான் மருத்துவப் பெயர் தேடி ஓடுவதில்லை. வயிறு எப்போது எரிய ஆரம்பித்தது என்று கேட்பேன். உங்கள் உளவியலாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்தச் சொல்லை அப்படியே சொல்லி, பிறகு விளக்குங்கள்.

வீட்டில் தனியிடம் இல்லாதவர்களுக்கு ஆன்லைன் அமர்வு உதவுகிறது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் சிலர் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். தெருவில் நிறுத்தாமல் கேட்டுக்குள் நிறுத்திய காரில் பேசுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மெடிக்கல் எய்ட் திட்டங்கள் கட்டாயம் தரவேண்டிய குறைந்தபட்சப் பலன்களில், பெரும் மனச்சோர்வுக்கு வருடத்தில் 15 வெளிநோயாளர் அமர்வு வரை வருகிறது. சமீபத்தில் நடந்த பெரிய அதிர்ச்சியைத் தொடர்ந்து வரும் கடும் மனஅழுத்தக் கோளாறுக்கு 12 வரை. இங்கே நடந்த 2021 ஜூலைக் கலவரத்துக்கும் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் பிறகு தூக்கம் தொலைத்தவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை. திட்டம் முன்அனுமதி கேட்கலாம், குறிப்பிட்ட ஆட்களிடம் மட்டும் போகச் சொல்லலாம். முதலில் போன் செய்து கேளுங்கள். யாரிடம் போனாலும் அவர் பெயர் மருத்துவ, உளவியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏ-வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். 'கோச்', 'ஹீலர்' என்று போர்டு மாட்ட யாருக்கும் பதிவு தேவையில்லை.

1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்ற இலக்கு, அதற்காகச் செய்கிற வேலை. வராமல் போனவர்களை நினைக்கும்போது இது எனக்குக் கைகொடுக்கிறது. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: பிணைப்பு நன்றாகவே இருந்திருக்கும். அவருடைய இலக்கு கணவரை மாற்றுவது. நான் அவருடைய பதற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பேன். அவர் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. டாக்டரை எதிர்த்துப் பேசலாமா என்ற தயக்கம்.

அப்படி வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் போன ஒரு அம்மா, ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். உட்கார்ந்ததும் கைக்குட்டையை மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்க மேல எனக்குக் கோபம்மா. நான் அழும்போது நீங்க கடிகாரத்தைப் பார்த்தீங்க" என்றார். பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வாழ்க்கையில் இதற்கு முன்னால் யாரிடமாவது இப்படி நேருக்கு நேர் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அன்று 50 நிமிடமும் அந்தக் கோபத்தைப் பற்றியே பேசினோம். அடுத்த வாரம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து வெளியே காத்திருந்தார்.