மையமும் அல்ல, திசைவியும் அல்ல: கோர் ரவுட்டருக்குத் தமிழ் என்ன?

"மலிவான மையத் திசைவியைத் தெரிவுசெய்தல்." கிளிநொச்சிப் பக்கம் சிறிதாக இணையச் சேவை தொடங்க நினைப்பவர்களுக்கென்று தமிழாக்கிய குறிப்பொன்றில் இந்தத் தலைப்பைக் கண்டேன். கோர் ரவுட்டரைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்; ரவுட்டர் என்பது இணையத்தில் போகும் தரவுக்கு வழி பார்த்து அனுப்பும் பெட்டி. மையம், திசைவி இரண்டும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சொற்கள். மலிவும் சேர்ந்ததும் பொறுக்க முடியவில்லை.

வேர்க்கதை சின்னது. ரவுட்டருக்குள் இருக்கும் 'ரூட்', அதாவது வழி, பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் லத்தீன் மூலத்துக்கு 'உடைத்துத் திறந்த பாதை' என்று பொருள். பிரித்தானியர் ரூட்டர் என்பார்கள், அமெரிக்கர் ரவுட்டர் என்பார்கள், நாங்கள் அமெரிக்கர் பக்கம். தச்சுப்பட்டறை ரவுட்டர் வேறு சொல். அது குடைகிற கருவி.

சரி, திசைவிக்கு வருவோம். கல்வி, கேள்வி, பிறவி, துறவி என்று 'வி' வினையடியோடுதான் சேரும். திசை பெயர்ச்சொல். இல்லை, வினைதான் என்று அடம்பிடித்தால், அகராதியில் திசைத்தல் என்று ஒன்று இருக்கிறது, பொருள் திகைத்தல்! மின்னல் அடித்த மறுநாள் எங்கள் ரவுட்டர்களுக்கு அது பொருந்தும்தான். பொருளும் உதைக்கிறது. மாங்குளம் சந்தியில் நின்று முல்லைத்தீவு எங்கே என்றால் கிழக்கே கைகாட்டுவது திசை. ஒட்டுசுட்டான் றோட்டு மூடியிருந்தால் பரந்தன் போய்ப் புதுக்குடியிருப்பால் இறங்கலாம் என்பது வழி. ரவுட்டர் செய்வது இரண்டாவது வேலை.

ஆற்றுப்படுத்தி என்று வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அழகான சொல். ஆற்றுப்படைப் பாடல்களில் பரிசில் பெற்று வந்த புலவன் மற்றவனுக்கு வழி சொல்வது போலத்தான் ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்கின்றன. ஆனால் போருக்குப் பிறகு வன்னியில் ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத் துணைதான். ஆற்றுப்படுத்தி வாங்கவேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். வழிப்படுத்தி போதும்.

பெரிய கோளாறு 'மைய'த்தில். மையம் என்றால் நடுவில் ஒன்று. கோர் என்பது நடுப்புள்ளி அல்ல, உள்வட்டம்; வாடிக்கையாளரையும் வெளி வலையமைப்புகளையும் தொடும் விளிம்புக் கருவிகளுக்கிடையே தரவுப் பொதிகளை வேகமாகக் கடத்தும் பகுதி. அங்கே ஒன்றை வவுனியாவிலும் மற்றதைக் கிளிநொச்சியிலும் வைக்கலாம். வைக்கவும் வேண்டும், ஒன்று விழுந்தால் மற்றது தூக்க. மையம் என்று வாசித்தவர் ஒரே ஒரு பெரிய பெட்டியை வாங்கிக் காசையெல்லாம் அதில் போட்டுவிடுவார். கோருக்குக் கரு என்று வைத்தால் கருப்பை நினைவு வருகிறது. அக வழிப்படுத்தி, விளிம்பு வழிப்படுத்தி: சோடி பொருந்துகிறது. என் வாக்கு இதற்கே.

மலிவு? அதுவும் தப்பு. வேண்டியது கட்டுப்படியாகும் விலை. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போவது என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியல்தான் வழி அட்டவணை. உலகின் முழு வழி அட்டவணையில், பழைய முகவரி முறையான ஐபி நான்காம் பதிப்புக்கு (IPv4) மட்டும் 9 லட்சத்துக்கு மேல் வழிகள். 2014 ஆகஸ்ட் 12இல் அது 5,12,000ஐத் தாண்டியபோது, அதற்குமேல் பிடிக்காத பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. அப்படிப்பட்ட பழசை இன்று யாராவது மலிவாகத் தள்ளிவிடலாம், கவனம். மேலே இணைப்புத் தருபவர் ஒருவரே என்றால் முழு அட்டவணையே தேவையில்லை. 'தெரியாததெல்லாம் அவரிடம்' என்ற ஒற்றை வழி போதும், சின்னப் பெட்டியும் போதும். இருவரிடம் எடுத்து முழு அட்டவணையும் வாங்குவதென்றால், லத்வியாவின் மைக்ரோட்டிக் பெரிய வகைகளில் ஒன்று, ஜூனிப்பர் நிறுவனத்தின் பாவித்த எம்எக்ஸ் ரவுட்டர், அல்லது லினக்ஸ் சேர்வரையே ரவுட்டராக்கப் பேர்ட் (BIRD) மென்பொருள் என்று பார்க்கலாம். பாவித்த பெரிய பெட்டி கரண்ட் பில்லில் பழிவாங்கும். உதிரிப்பாகத்தையும் விசாரியுங்கள்.

இதெல்லாம் மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கையில் சொற்பட்டியலை மட்டும் கொடுத்து, பெட்டியை ஒருநாளும் காட்டாமல் வேலை வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலை யார் எப்போது திருத்தினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

பேச்சில் கோர் ரவுட்டர் என்றே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) அக வழிப்படுத்தி என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'கோர் ரவுட்டர்' என்று போட்டுவிடுங்கள், விலை கொடுப்பவருக்கு விளங்க.