ஜெரகோஜி: மூப்பில் கற்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

வயதில் மூத்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள், அவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்று ஆராயும் துறைக்கு ஜெரகோஜி என்று பெயர். ஜெரண்டாலஜி எனப்படும் முதுமையியலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதுமையியல் மூப்பின் எல்லாப் பக்கங்களையும் பார்க்கும். ஜெரகோஜிக்குக் கற்றல் ஒன்றுதான் கவலை. ஓய்வு பெற்றவர்களை மனத்தில் வைத்துப் பிறந்த சொல் இது. பல நாடுகளில் ஓய்வு வயது தள்ளிப்போகப் போக, இன்னும் வேலையில் இருக்கும் மூத்தவர்களின் பயிற்சியைப் பற்றிய பேச்சிலும் இப்போது அடிபடுகிறது.

சொல்லின் முதல் பாதி, முதியவரைக் குறிக்கும் கெரோன் என்ற கிரேக்கச் சொல். பின்பாதி அகோகோஸ், அதாவது கூட்டிச் செல்பவர். இந்தப் பின்பாதிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. பண்டைய கிரேக்கத்தில் வசதியான வீட்டுப் பையனை ஆசிரியரிடம் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்துவர ஓர் அடிமை இருப்பார். அவருக்குப் பெயர் பைடகோகோஸ். பாடம் சொல்லித்தருவது அவர் வேலை அல்ல, வழித்துணையும் கண்காணிப்பும்தான். அந்தப் பெயரிலிருந்து வந்த பெடகோஜிதான் பிற்காலத்தில் கற்பித்தல் கலைக்கே பெயராகிவிட்டது.

1833-இல் அலெக்சாண்டர் கப் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், பிளேட்டோவின் கல்விச் சிந்தனையை விளக்கும்போது ஆண்ட்ரகோகிக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பெடகோஜியின் முதல் பாதியில் இருப்பது குழந்தை; இதில் அந்த இடத்தில் வளர்ந்த மனிதர். அது பெரிதாக எடுபடவில்லை. நூறாண்டுக்கு மேல் கழிந்து, 1960களின் இறுதியில் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ்தான் ஆண்ட்ரகோஜி என்பதை ஊரறியச் செய்தார். வளர்ந்தவர் தாமே முடிவெடுத்துக் கற்பவர், அனுபவத்தைக் கையோடு கொண்டுவருபவர், உடனே பயன்படும் விஷயத்தையே நாடுபவர் என்பது அவர் வாதம். 1970-இல் வந்த தம் நூலின் துணைத் தலைப்பில் ஆண்ட்ரகோஜியையும் பெடகோஜியையும் எதிரெதிராக நிறுத்தியவர், 1980 பதிப்பில் அதை "பெடகோஜியிலிருந்து ஆண்ட்ரகோஜிக்கு" என்று மாற்றிக்கொண்டார். வயதை வைத்துக் கோடு கிழிக்க முடியாது என்று அவருக்கே பட்டிருக்கிறது. இன்னொரு சங்கடம்: அந்தச் சொல்லில் இருக்கும் ஆண்ட்ர என்பது கிரேக்கத்தில் ஆணைத்தான் குறிக்கும். பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும் சொல் அது.

மூத்தோரைத் தனியாகச் சுட்டும் சொல்லும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. 1950களில் ஹான்ஸ் மீஸ்கஸ் கெரகோகிக் என்றார். 1962-இல் தத்துவ அறிஞர் ஓட்டோ ஃபிரீட்ரிக் பொல்னோ கெரண்டகோகிக் என்று சற்றே மாற்றிச் சொன்னார். நின்றது முதலாவது.

சரி, மூத்தோருக்கென்று தனித் துறை தேவைதானா? உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று. காலப்போக்கில் சேர்ந்து படிந்த சொல்வளம், தொழிலறிவு, அனுபவம் ஆகியவை மற்றொன்று. முதலாவது நடுவயதுக்கு முன்பே மெல்ல இறங்கத் தொடங்குகிறது. இரண்டாவது அறுபதைத் தாண்டியும் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது, சிலரிடம் வளரவும் செய்கிறது. ஆகவே மூத்தவருக்குக் கற்கும் ஆற்றல் போய்விடுவதில்லை. அவசரப்படுத்தினால் தடுமாறுவார், புதியதை ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு முடிச்சுப்போட்டுக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார். முப்பது வருடம் ஒரே முறையில் செய்து பழகிய வேலைக்குப் புது முறை வரும்போது, புதியதைக் கற்பதைவிடப் பழையதை விடுவதுதான் அவருக்குக் கடினம். அப்புறம், பயிற்சி வகுப்பில் திரையின் எழுத்து பொடியாக இருந்து அவர் பின்தங்கினால், அது மூளையின் குறை ஆகாது. இதைப் பலர் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள்.

இதே ஜெரகோஜிக்கு உள்ளேயே எதிர்க்குரலும் உண்டு. மால்டா பல்கலைக்கழகத்தின் மார்வின் ஃபார்மோசா விமர்சன ஜெரகோஜி என்ற ஒன்றைப் பேசுகிறார். முதியோர் வகுப்பு பொழுதுபோக்காகச் சுருங்கிவிடக் கூடாது, யார் வருகிறார்கள், யார் வராமல் போகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தின் நிலை. நியாயமான கேள்வி.

கூட்டிச் செல்வதா, தானே நடப்பதா என்ற இழுபறி இந்தச் சொல்லில் மட்டும் இல்லை, நடைமுறையிலும் இருக்கிறது. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் தொடங்கிய மூன்றாம் வயதுப் (அதாவது ஓய்வுக்குப் பிந்தைய பருவத்துக்கான) பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் பாடம் எடுத்தார்கள், ஓய்வு பெற்றவர்கள் கேட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் வரலாற்று அறிஞர் பீட்டர் லாஸ்லெட் முதலானோர் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனபோது பேராசிரியரையே எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர் சொல்லித்தருவார், மறுநாள் அவரே வேறொரு வகுப்பில் மாணவராக உட்காருவார். தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. சீனாவில் 1983-இல் சாண்டோங் மாகாணத்தில் முதல் முதியோர் பல்கலைக்கழகம் வந்தது. அங்கே முதியோர் நலச் சட்டம், மூத்தவருக்குப் பராமரிப்பும் மருத்துவமும் வேண்டும் என்று சொல்லும் அதே மூச்சில் கற்க ஏதேனும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தென் கொரியாவில் வாழ்நாள் கல்வியை வளர்க்கும் கடமை அரசமைப்புச் சட்டத்திலேயே அரசுக்கு உண்டு.

சொல் பார்வையில் ஜப்பான்தான் சுவையானது. அங்கே முதலில் புழங்கியது ஷோகாய் க்யோயிகு, அதாவது வாழ்நாள் கல்வி. 1980களில் அரசின் கல்விக் குழு ஷோகாய் ககுஷூ என்பதற்கு மாறியது; வாழ்நாள் கற்றல் என்று பொருள். கொடுப்பவரிடம் இருந்த சொல் பெறுபவர் பக்கம் நகர்ந்தது. 1990-இல் வந்த சட்டத்தின் பெயரும் கற்றல் என்றே அமைந்தது. அதே ஜப்பானில் 2021 ஏப்ரல் முதல், ஊழியருக்கு 70 வயது வரை வேலை வாய்ப்புத் தர முயல வேண்டும் என்ற பொறுப்பு முதலாளிகள் மீது சட்டப்படி விழுந்திருக்கிறது. ஜெர்மனியில் ஓய்வு வயது படிப்படியாக ஏறி 2031-இல் 67 ஆகும். சீனா 2025 முதல் ஆண்களுக்கு 60-இலிருந்து 63-ஐ நோக்கி உயர்த்திக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் 2024-இல், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிச் செலவுக்காக ஆளுக்கு 4,000 சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. ஐம்பத்தைந்தில் ஒருவருக்குப் பயிற்சி தருவது வீண் என்ற பழைய கணக்கு, அவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை செய்யப்போகிறார் என்றால் செல்லாது.

தொழிற்சாலையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2007-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் ஓர் உற்பத்தி வரிசையில் சராசரி வயது 47 வருமாறு ஆட்களை அமர்த்தியது. பத்து ஆண்டு கழித்து ஆலை முழுவதற்குமே சராசரி வயது அதுவாகத்தான் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மரத்தரை, நாற்காலி, பெரிய எழுத்துத் திரை என்று ஏறத்தாழ 70 சிறு மாற்றங்கள். பெரும்பாலும் தொழிலாளர்களே சொன்னவை. ஓர் ஆண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. மூத்தவரைக் கைபிடித்துக் கூட்டிச் செல்லாமல் அவரிடமே கேட்டதன் பலன் இது என்பது என் எண்ணம்.

இனி தமிழ்ச் சொல். முதலில் தோன்றுவது முதியோர் கல்வி. அதில் ஒரு சிக்கல்: அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். இந்தியாவில் 1978 அக்டோபர் 2-இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கான எழுத்தறிவுத் திட்டம். அத்தகைய கல்வியைத் தமிழில் முதியோர் கல்வி என்றே வழங்கிவந்தோம். இருபது வயதுக்காரரும் முதியோர் கல்விக்குத்தான் போனார்! வயதுவந்தோர் என்ற சரியான சொல்லும் உண்டு. ஆனாலும் முதியோர் கல்வி என்றால் இன்றும் பலருக்கு அகரம் எழுதும் சிலேட்டுதான் நினைவுக்கு வருகிறது.

வாழ்நாள் கற்றல் நல்ல சொல், புழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் அது தொட்டிலிலிருந்து தொடங்கும் முழு ஆயுளுக்கும் உரியது. திருக்குறள் "சாந்துணையும் கல்லாதவாறு" ஏன் என்று கேட்கிறது. சாகும்வரை கற்பது என்ற கருத்து நமக்குப் புதிதில்லை. ஆனால் சாந்துணைக் கற்றல் என்று பலகை மாட்டினால் அந்த வகுப்புக்கு யார் வருவார்கள்!

முது என்ற அடி நமக்குக் கைகொடுக்கும். முதுகலை, முதுநிலை, முதுமொழி இவற்றில் முது என்பதற்குத் தேய்வு என்ற பொருளே இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைச் சிறுமுதுக்குறைவி என்கிறான். சிறு வயதிலேயே பேரறிவு உடையவள் என்று பொருள். முதுமைக் கற்றல் எனலாம்தான். ஆனால் இன்றைய காதில் முதுமை என்றால் மருந்துப் பெட்டியும் சேர்ந்து கேட்கிறது. மூத்தோர் என்பதில் அந்த வாடை குறைவு, மரியாதை கூடுதல், பணியிடத்துக்கும் பொருந்தும். பின்பாதிக்குக் கற்பித்தலியல் என்று போட்டால் பழைய வழித்துணைவரை மறுபடி அழைத்துவருகிறோம். எனவே என் தேர்வு மூத்தோர் கற்றலியல்.

துறையின் பெயராக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். ஓர் அலுவலகம் ஐம்பது கடந்த ஊழியர்களுக்குப் புதிய மென்பொருளைச் சொல்லித்தருகிறது என்றால் அதை மூத்த பணியாளர் பயிற்சி என்றாலே போதும். ஓய்வு பெற்றவர் தம் விருப்பத்துக்கு ஒரு மொழியோ இசையோ படிக்கிறார் என்றால், அவர் படிக்கிறார் என்றே எழுதலாம். அதற்குத் தனிச்சொல் எதுவும் வேண்டாம்.