நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் போதும், இணையத்தில் அதே படங்கள். உள்ளங்கையில் கிடக்கும், ஓடில்லாத ஒரு வண்ணக் கடல்நத்தை, கீழே ஒரு கேள்வி: "நீலம், மஞ்சள், கறுப்பு. அப்படியென்றால் ஃபிலிடியா வாரிகோசாதானே?" இந்த 'அப்படியென்றால்' என்பதுதான் தவறு.

ஃபிலிடியாவும் அதன் உறவுகளும் சேர்ந்த இந்தக் கடல்நத்தைக் குடும்பத்தில் நிறம் பொது உடைமை. நீலச் சாம்பல் முகடுகள், அவற்றின் உச்சியில் மஞ்சள் கொப்புளங்கள், இடையில் கறுப்பு: இது வாரிகோசாவுக்கும் பொருந்தும், கிட்டத்தட்ட அப்படியே ஃபிலிடியா சீலஸ்டிஸுக்கும் பொருந்தும். சில தட்டைப்புழுக்களும் ஒருவகைக் கடலட்டையின் குஞ்சும்கூட இந்தக் குடும்பத்து வேடத்தில்தான் திரிகின்றன. போதாததற்கு, விடியற்கால டார்ச் வெளிச்சத்தில் நீலம் சாம்பலாகத் தெரியும். படத்தைப் பார்த்து இனம் சொல்லும் கைப்பேசி ஆப் தரும் பெயரும் பெரும்பாலும் நிறத்தை வைத்துத்தான்.

முதலில் உணர்கொம்புகளைப் பாருங்கள். தலைப்பக்கம் இரண்டு, நெருக்கமான மடிப்புகளோடு நிற்கும். மஞ்சளாக இருந்தால் ஃபிலிடியா பக்கம் போங்கள். கொம்பும் கறுப்பு, கொப்புளங்கள் இளஞ்சிவப்பு என்றால் அதே குடும்பத்து ஃபிலிடியெல்லா. நம் தென்தீவுகளில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். அப்படிப்பட்ட மடிப்புக் கொம்பே இல்லை, உடல் காகிதம்போல் மெல்லியது, ஓரம் அலை அலையாக நெளிகிறது என்றால் அது தட்டைப்புழு.

வேறு பல கடல்நத்தைகளுக்கு இருப்பதுபோல் முதுகில் செவுள்கொத்து இல்லையே என்று குழம்ப வேண்டாம். இவற்றுக்குச் செவுள் உடலோரத்தின் அடியில், சுற்றிலும் இருக்கிறது.

வாரிகோசாவை உறுதிசெய்வது பாதத்தின் நடுவே நீளமாக ஓடும் கருங்கோடு. சீலஸ்டிஸுக்கு அது கிடையாது. அதற்காகப் புரட்டிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து! பாறை விளிம்பில் ஏறும்போது அடிப்பக்கம் தானே தெரியும். தெரியாவிட்டால் 'ஃபிலிடியா' என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக இனப்பெயர் வைப்பதைவிட அது எவ்வளவோ நேர்மையான பதிவு.

தொட்டால் கொம்புகள் உள்ளே போய்விடும், அதோடு அடையாளமும் போச்சு. ஆகவே தொடாமல் மூன்று படங்கள் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, தலைப்பக்கம் தாழ்வாக ஒன்று, அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்து ஒன்று. பக்கத்தில் ஒரு அளவுகோல் இருந்தால் நல்லது.

பிடித்துப்போட வாளி வேண்டவே வேண்டாம். இவை தின்பது கடற்பஞ்சு. அதிலுள்ள நஞ்சை உடலில் சேர்த்துவைத்து, தொந்தரவு செய்தால் சளியோடு வெளியேற்றும். வாரிகோசாவின் சளி மீன்களையும் நண்டு வகைகளையும் கொல்லும் என்று 1963இலேயே எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் அதே வாளியில் போட்ட குட்டிமீன்கள் மல்லாந்து கிடப்பது வெயிலால் மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டுத் தொட்டியிலும் இது பிழைக்காது. தனக்கேற்ற கடற்பஞ்சு கிடைக்காமல் பட்டினியில் சாகும். சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் எடுப்பது சட்டப்படியே குற்றம். மற்ற கரைகளிலும் விட்டுவிடுங்களேன்.

ஏற்கெனவே வாளியில் போட்டுவிட்டீர்களா? எடுத்த இடத்திலேயே, நீருக்குள், அதே கடற்பஞ்சின் அருகில் விடுங்கள். மற்ற உயிர்களையும் உடனே கடலில் விட்டுவிட்டு, கையைக் கழுவுங்கள்.