திறந்த சிப் என்றால், அதில் எது திறந்தது?

வெள்ளவத்தையில் என் வேலை மேசைக்கு ஒரு இறுதியாண்டு மாணவர் தன் செயற்றிட்டத்துக்கான மின்சுற்றுப் பலகையோடு வந்தார். "அண்ணா, இது ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) சிப். எல்லாம் திறந்தது, எந்தக் கம்பனியிலும் தங்கியிருக்கத் தேவையில்லை" என்றார். வைஃபையை இயக்கும் பகுதியின் மூலநிரலை எடுத்துக் காட்டச் சொன்னேன். தேடிப் பார்த்தார். சிப் செய்தவர்கள் அதைத் தொகுத்த கோப்பாக, அதாவது ஓட்ட முடிந்தாலும் நாம் வாசித்துத் திருத்த முடியாத வடிவில் மட்டுமே கொடுத்திருந்தார்கள்.

இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். ரிஸ்க்-ஃபைவில் திறந்திருப்பது கட்டளைத் தொகுதி, அதாவது செயலி எந்தக் கட்டளைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற வரையறை. தமிழ் இலக்கணம் எல்லோருக்கும் பொது. அந்த இலக்கணத்தில் ஒருவர் எழுதிய புத்தகம் அவருடையது. சிப்பும் அப்படித்தான்.

வேறு கட்டளைத் தொகுதிகளும் உண்டு. கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்86, 1978இல் இன்டெலின் 8086 செயலியுடன் வந்தது. இன்றைக்கும் அதில் செயலி செய்பவர்கள் பெரும்பாலும் இன்டெலும் ஏஎம்டியும்தான். கைபேசிகளில் பரவலாக இருக்கும் ஆர்ம் (ARM) கொஞ்சம் தாராளம்: உரிமக் கட்டணமும் விற்கும் சிப்புக்கு ஒரு பங்கும் கொடுத்தால் மற்றவர்களும் செய்யலாம். 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவுக்கு அந்தக் கட்டணமே இல்லை. அதன் அடிப்படை 32-பிட் தொகுதியில் சுமார் 40 கட்டளைகள்தான். மொறட்டுவையில் படிக்கும் ஒரு மாணவி யாரிடமும் அனுமதி கேட்காமல் சொந்தமாகச் செயலி வடிவமைத்து எஃப்பிஜிஏ பலகையில் (உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப் உள்ள பலகை) ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். நாங்கள் படித்த காலத்தில் செயலியை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஆனால் நம்மைக் கட்டிப்போடுவது கட்டளைத் தொகுதி மட்டுமல்ல. 2021 சிப் தட்டுப்பாட்டின்போது, குளிர் அறைகளுக்கு நாங்கள் செய்யும் வெப்பநிலைக் கருவிக்கு வழக்கமான சிப் கிடைக்கவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் வேறு கம்பனியின் சிப்புக்கு மாறினோம். இரண்டுமே ஆர்ம்தான். கணக்குப் போடும் நிரல் ஒரே நாளில் ஓடியது. டைமர், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), கம்பனி தரும் லைப்ரரி என்று மற்றதையெல்லாம் மாற்றி எழுத ஆறு வாரம் போனது.

அதனால் பலகை வாங்க முன் மூன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள்: கட்டளைத் தொகுதி, சிப்பின் உள்வடிவமைப்பு, கூட வரும் மென்பொருள். பழகிப் பார்க்க ராஸ்பெரி பை பிக்கோ 2 என்ற சின்னப் பலகை நல்லது. அதில் ஆர்ம் கோர் (சிப்புக்குள் கட்டளைகளை ஓட்டும் பகுதி) இரண்டும் ஹசார்ட்3 என்ற ரிஸ்க்-ஃபைவ் கோர் இரண்டும் இருக்கின்றன. ஹசார்ட்3இன் வடிவமைப்பையே இறக்கிப் படிக்கலாம்.

அந்த மாணவர் பலகையை மாற்றவில்லை, நான் மாற்றச் சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் வந்தபோது, வைஃபையைத் தொடும் வரிகளையெல்லாம் தனிக் கோப்பில் பிரித்து வைத்திருந்தார்.