பவளத்தீவில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

லட்சத்தீவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மலையும் கிடையாது. மொத்த நிலப்பரப்பே சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான், அதுவும் முப்பதுக்கும் மேற்பட்ட சின்னப் பவளத்தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஆனாலும் அங்குள்ள கவரத்தி, அகத்தி தீவுகளில் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும். சில மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் தெரியும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மணல்திட்டில் அந்தத் தண்ணீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது?

எல்லாம் மழை கொடுத்ததுதான். பவள மணல் மழைநீரை ஓடவிடாமல் நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே மணலின் இடுக்குகளில் கடல்நீர் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம், நல்ல தண்ணீருக்கோ 1,000 கிராம். அதனால் மழைநீர், டம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டி போல, கொஞ்சம் மேலேயும் பெரும்பகுதி கீழேயுமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. மணலின் நுண்ணிய இடுக்குகளில் நீர் மெதுவாகவே நகரும் என்பதால் இரண்டும் சட்டென்று கலந்துவிடுவதில்லை. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் இறைக்க முடிவதற்கும் இதுதான் காரணம்.

நெதர்லாந்தின் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பொறியாளர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். நிலத்தடி நீர் கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டருக்கு நல்ல தண்ணீர் இருக்கும். சின்னப் பவளத்தீவில் அந்த உயரம் ஒரு சாண் அளவுக்குத்தான் வரும். கால் மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்குப்படி 10 மீட்டர் ஆழம். அதிலும் அடிப்பகுதி உப்பும் நன்னீரும் கலந்த சவர்நீர். அதற்கும் கீழே பொந்தும் புழையுமான பழைய சுண்ணாம்புப் பாறையில் கடல் தாராளமாகப் போய்வரும். ஆக, குடிக்கத் தகுந்ததாகக் கைக்குக் கிடைப்பது சில மீட்டர் கனமுள்ள ஒரு படலம்.

நம் ஊர்ப் பழக்கத்தில், தண்ணீர் போதவில்லை என்றால் இன்னும் ஆழமாக போர் போடச் சொல்வோம். அங்கே ஆழம் போனால் உப்புதான் வரும். மோட்டார் போட்டு வேகமாக இறைத்தாலும் அதே கதி: கிணற்றடியில் நன்னீர் மட்டம் தாழத் தாழ, கீழிருந்து உப்புநீர் கூம்புபோல மேலே எழும்பும். மேலே ஒரு பங்கு இறங்கினால் கீழே 40 பங்கு ஏறப் பார்க்கும், அதே விகிதம்தான். ஒருமுறை உப்பேறிய கிணறு அடுத்த மழைக்காலம் வரையாவது காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஆழமில்லாத கிணற்றில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே அங்கே சரியான முறை.

இப்போது சுற்றுலாப் பயணியின் கணக்குக்கு வருவோம். லட்சத்தீவின் மழையில் பெரும்பகுதி ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் பெய்கிறது. பயணிகள் போவதோ கடல் அமைதியாக இருக்கும் அக்டோபர் முதல் மே வரை. நாம் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குப் பெட்டி கட்டும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அந்தப் படலம் மிகவும் மெலிந்திருக்கும்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்று தோன்றும். செய்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஆலையை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் முறை இது. அருமையான பொறியியல்தான், ஆனால் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்துக்குப் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை நம்பித்தான் தீவுகள் இருந்துவந்திருக்கின்றன. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் நிலத்தடி நீர் குடிக்க லாயக்கற்றதாகி, ஊரே கடல்நீர்ச் சுத்திகரிப்பை நம்பியிருந்தது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குடிநீருக்குத் தவித்தார்கள். இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது.

எடுப்பதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, நாம் திருப்பி விடுவது. கழிவறைக் குழியிலிருந்து கசிவதை வடிகட்டப் பவள மணலில் வளமான மண் கிடையாது. கசிவு அதே நன்னீர்ப் படலத்தில் கலக்கிறது. அந்தப் படலம் எப்போதும் மெல்லக் கடலை நோக்கி வழிந்துகொண்டே இருப்பதால், கழிவின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பவளப்பாறைக்குள் அடங்கிய காயலுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே பாசிக்கு அது உரம். பாசி படர்ந்து மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, குஞ்சுப் பவளங்கள் ஒட்டி வளர இடமும் இருக்காது. நாம் முகமூடி மாட்டிக்கொண்டு பார்க்கப் போவதே அந்தப் பவளத்தைத்தானே.

அதனால் அறை பதிவு செய்யும்போது ஏசி, வைஃபை கேட்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: தண்ணீர் கிணற்றிலிருந்தா, ஆலையிலிருந்தா? கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீர்களா, குழியில் விடுகிறீர்களா? நன்னீர் நிரப்பிய நீச்சல்குளம் இருந்தால் நான் அந்த விடுதியைத் தவிர்த்துவிடுவேன், பத்தடி தள்ளி அலையடிக்காத காயல் இருக்கும்போது அது வீண். கடலில் குளித்து வந்தபின் உப்பைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் தாராளம், ஷவர் வேண்டாம். துண்டையும் விரிப்பையும் தினமும் மாற்றச் சொல்லாதீர்கள். துணி மூட்டையை ஊருக்கே கொண்டுவந்து துவைத்துக்கொள்ளலாம்.