தொலையுணர்தல்: சொல் விளக்கம்

ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ வெப்பத்தையோ ரேடியோ அலையையோ தூரத்தில் இருந்தே பதிவுசெய்து அதன் நிலையை அறிவது தொலையுணர்தல். ஆங்கிலத்தில் ரிமோட் சென்சிங். கருவி செயற்கைக்கோளில் இருக்கலாம், விமானத்தில் இருக்கலாம், தோப்புக்கு மேல் பறக்கும் ட்ரோனிலும் இருக்கலாம். ட்ரோனையும் தொலையுணர்தலையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். ட்ரோன் வெறும் ஊர்தி. அதில் பொருத்திய உணரியும் (சென்சார்), அது தந்த பதிவை வைத்து நாம் செய்யும் கணிப்பும் சேர்ந்ததுதான் தொலையுணர்தல்.

ஆங்கிலச் சொல்லுக்கே வயது அதிகமில்லை. பாரிஸ் அருகே பலூனில் ஏறி 1858-லேயே படம் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு ‘வான்வழிப் புகைப்படம்’ என்ற பெயரே போதுமானதாக இருந்தது. அகச்சிவப்புக் கருவிகளும் ரேடாரும் பெருகிய பிறகு, கண்ணுக்கே தெரியாத அலைகளின் பதிவைப் புகைப்படம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் பணியாற்றிய புவியியலாளர் எவ்லின் புரூயிட் 1950-களின் இறுதியில் ரிமோட் சென்சிங் என்ற தொடரை உருவாக்கினார். 1962-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ‘சுற்றுச்சூழல் தொலையுணர்தல்’ என்ற தலைப்பிலேயே கருத்தரங்கு நடத்தியது. இந்தச் சொல் தொடக்கத்திலிருந்தே சுற்றுச்சூழலோடு ஒட்டி வளர்ந்தது.

இந்தியாவில் அது வேர்பிடித்தது தென்னையில். கேரளத் தென்னைகளை வேர்வாடல் நோய் பல்லாண்டுகளாக அரித்துக்கொண்டிருந்தது. பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டில் பிறந்த இயற்பியலாளர் பிஷரோத் ராம பிஷரோடி, 1970-ல் ஹெலிகாப்டரில் அகச்சிவப்பு வண்ணப் பிலிம் ஏற்றிய கேமராக்களோடு அந்தத் தோப்புகளைப் படம்பிடிக்கும் ஆய்வை நடத்தினார். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை நலிந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் அந்தப் பிலிமில் நல்ல மரத்தின் கொண்டை பளிச்சென்ற சிவப்பாகவும், நோயுற்றது மங்கியும் விழும். ‘இந்தியத் தொலையுணர்தலின் தந்தை’ என்று பிஷரோடியைச் சொல்வது இதனால்தான். முகம் பார்த்து மனத்தை அறிபவரைத் திருக்குறள் ‘குறிப்பிற் குறிப்புணர்வார்’ என்கிறது. இலையின் நிறம் பார்த்து மரத்தின் நோயை அறிவதும் அதே உணர்தல்தான். தமிழில் ‘உணர்’ என்பதற்கு அறிதல், தெளிதல் என்ற பொருள் பழையது. மனவுணர்ச்சியோடு மட்டும் அது நிற்பதில்லை.

பள்ளிப் புவியியல் நூல்களில் ‘தொலை நுண்ணுணர்வு’ என்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘நுண்ணுணர்வு இன்மை வறுமை’ என்று நாலடியார் சொல்லும் நுண்ணுணர்வு, மனிதரின் கூர்த்த அறிவு. அது படத்தைப் படிப்பவருக்கு இருக்க வேண்டியது. கேமராவுக்கு அதை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ‘தொலையுணர்வு’ சுருக்கமான சொல், நன்கு பரவியும் இருக்கிறது. அதை எழுதினால் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே குறிக்க வேண்டியது ஒரு செயல். அளத்தல், கணித்தல் போல இதற்கும் தொழிற்பெயரே பொருந்தும். சென்சாருக்கு உணரி, தரவுக்குத் தொலையுணர் தரவு என்று கிளைச்சொற்களும் சிக்கலின்றிக் கிடைக்கின்றன.

இனி ட்ரோன். ஆங்கிலத்தில் அது ஆண் தேனீயின் பெயர். பிரிட்டன் 1935-ல் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக, ரேடியோவால் இயக்கிய விமானத்துக்கு ‘ராணித் தேனீ’ என்று பெயரிட்டது. அதைப் பார்த்துத் திரும்பிய அமெரிக்கர்கள் தங்களுடையதை ஆண் தேனீ ஆக்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். தமிழில் ‘ஆளில்லா வானூர்தி’ நல்ல சொல். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்ற புறநானூற்றுத் தொடரை (பாடல் 27) இதற்குப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். வலவன் என்றால் பாகன். புலவர் பாடும் புகழுடையோர் விண்ணுலகு செல்லும் ஊர்தியைச் சொல்லும் கற்பனை அது. அன்றைக்கே ட்ரோன் இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது. ஆனால் ஓட்டுநர் இல்லாமல் வானில் செல்வது என்ற கருத்தை அந்த நான்கு சொற்களும் எவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருக்கின்றன! பேச்சில் ட்ரோன் என்பதே எல்லோருக்கும் புரிகிறது, அது இருக்கட்டும்.

ஊர்தி மாறியதால் என்ன கிடைத்தது என்பதையும் தென்னையிலேயே பார்க்கலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் அதற்குள் பதினைந்து மரங்கள் அடங்கிவிடும். அதில் ஒன்று நோயுற்றால் படத்தில் தெரியாது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் அது 10 மீட்டர். அதற்குள்ளும் ஒன்றிரண்டு மரங்கள். நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனின் படத்தில் ஒரு புள்ளி சில சென்டிமீட்டர்தான். மட்டை மட்டையாகப் பிரித்துப் பார்க்கலாம், மேகத்துக்குக் கீழேயே பறப்பதால் மேகமும் மறைக்காது. பிஷரோடி படம்பிடித்த அதே நோய் இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் மரங்களை வெட்டவைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மரத்தை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதன் மதிப்பு அங்கே இருக்கும் விவசாயிக்குத் தெரியும்.

இந்தத் துறையோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் ‘களச் சரிபார்ப்பு’. படத்தில் மங்கிய கொண்டைக்குக் காரணம் வேர்வாடலாக இருக்கலாம், மக்னீசியப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம், வெறும் தண்ணீர்ப் பஞ்சமாகவும் இருக்கலாம். மரத்தடிக்குப் போய், ஓலையின் சிற்றிலைகள் தளர்ந்து உள்நோக்கி வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து வந்த பிறகே அந்தப் புள்ளிக்கு நோயின் பெயரை எழுதுவார்கள்.