குவாரண்டைன்: தடைக்காப்பில் கிடக்கும் கோப்பு

மலையகத்தில் வளரும் இன்றைய பிள்ளைகள் 'குவாரண்டைன்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் சந்தித்திருக்கிறார்கள். ஒன்று, 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலம். மற்றது, கணினியில் விளையாட்டொன்றை நிறுவும்போது, நாம் 'வைரஸ் கார்ட்' என்று வழங்கும் பாதுகாப்பு மென்பொருள் திரையின் ஓரத்தில் காட்டிவிட்டு மறையும் சிறிய அறிவிப்பு. முதல் இடத்தில் அச்சொல்லின் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. இரண்டாவது இடத்தில் அது பெரும்பாலும் 'அழிக்கப்பட்டது' என்றே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இந்தத் தவறான புரிதலுக்குப் பணமும் நேரமும் விலையாகப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் அக்காள் மகன் சென்ற டிசம்பர் விடுமுறையில் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, வைரஸ் கார்ட் கேம திங்குது. மூணு தடவ போட்டுட்டேன், மூணு தடவையும் தின்னுருச்சு" என்றான். விளையாட்டை அவன் முறையாகக் காசு கொடுத்தே வாங்கியிருந்தான். இரவு நேர டேட்டாவில் இரண்டு இரவுகள் விழித்திருந்து இறக்கி, நிறுவத் தொடங்கியதும் பச்சைக் கோடு கடைசி வரை போய் நின்றுவிட்டது. பிறகு ஒரு கோப்பைக் காணவில்லை என்ற செய்தி வந்தது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினான். மறுபடியும் அதே கோப்பு, அதே செய்தி. மூன்றாம் முறைக்கான ரீலோட், அக்காள் கொழுந்து எடுத்த சம்பளத்தில் போட்டது. அந்த அறிவிப்பில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். எழுத்துக் கூட்டி வாசித்தான்: "குவாரண்டைன்ட்". காணாமற்போன கோப்பு அவனுடைய மடிக்கணினிக்குள்ளேயே, சேதமின்றிக் கிடந்தது.

இச்சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'குவாரண்டா'. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியதற்குப் பின், அட்ரியாட்டிக் கடற்கரைத் துறைமுக நகரமான ரகூசா, இன்றைய துப்ரோவ்னிக், 1377இல் ஓர் ஆணை பிறப்பித்தது. நோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் நகருக்குள் நுழையுமுன் முப்பது நாட்கள் வெளியே தங்க வேண்டும் என்பதே அந்த ஆணை. முப்பதைக் கொண்டு அந்தத் தங்கல் 'திரெண்டீனா' எனப்பட்டது. பின்னர் அது நாற்பது நாட்களாக நீண்டபோது, வெனிஸ் நகரத்தார் பேச்சில் 'குவாரண்டீனா' ஆயிற்று. ஆக, சொல்லின் உள்ளே இருப்பது நோயும் அன்று, சிறையும் அன்று; நாட்கணக்கு மட்டுமே. நாள் எண்ணே காரியத்துக்குப் பெயராவது நமக்கும் புதிதில்லை. இறந்தவருக்குச் செய்யும் காரியத்தைப் 'பதினாறு' என்று எண்ணாலேயே சொல்கிறோம்.

இந்த வழக்கம் நம் முன்னோரின் உடலிலேயே பட்டது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், பிளேக்கும் கொலராவும் அம்மையும் கூடவே வந்துவிடும் என்ற அச்சத்தால், இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே, இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில், ஒரு முகாமை நடத்தியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கப்பலேறும் முன் சில நாட்கள் அந்த முகாமில் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதை 'மண்டபம் கேம்பில் கிடந்தது' என்றே சொல்வார்கள். 'இருந்தது' என்று சொல்வதில்லை. நோயாளி என்று முடிவு செய்யப்படாத ஒருவர், நோயைக் கொண்டுவரக்கூடும் என்ற ஐயத்தினால், வேறொருவர் விடுவிக்கும்வரை காத்துக் கிடப்பதே அதன் பொருள். எந்த அகராதியும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிடவில்லை.

மருத்துவமும் இவ்வேறுபாட்டைக் கவனமாகப் பேணுகிறது. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோய் தொற்றியிருக்கக்கூடும் என்று ஐயப்படும் ஒருவரைக் குறித்த காலம் தடுத்து வைப்பது வேறொன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அயலார் நுழையாதிருப்பது முதல் வகை. மண்டபம் கேம்ப் இரண்டாம் வகை. குவாரண்டைன் என்பது இந்த இரண்டாவதற்கே உரிய பெயர்.

கணினிக்கு இச்சொல் வந்ததற்குக் காரணம் வைரஸ் என்ற உருவகம். தன்னைத்தானே படியெடுத்து மற்ற நிரல்களுக்குள் புகும் நிரலை அப்பெயரால் அழைக்கும் வழக்கத்தை 1980களில் பிரெட் கோஹன் என்ற ஆய்வாளரின் எழுத்துகள் நிலைநிறுத்தின. தமிழில் அதை நச்சுநிரல் என்கிறோம். வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கும் நஞ்சு என்பதே மூலப்பொருளாகையால், அது நன்றாக அமைந்த தமிழாக்கம். நோய் வந்த பிறகு தொற்றும் வந்தது, தடுப்பும் வந்தது, குவாரண்டைனும் வந்தது.

பாதுகாப்பு மென்பொருள் ஐயத்துக்குரிய கோப்பைக் கண்டால், அதை அதன் இடத்திலிருந்து எடுத்துத் தனக்குரிய காப்பறை ஒன்றுக்கு மாற்றுகிறது. அங்கே அக்கோப்பு இயங்க முடியாதபடி உருமாற்றி வைக்கப்படுகிறது. முன்பு அது எங்கே இருந்தது என்ற குறிப்பும் சேர்த்து வைக்கப்படுகிறது. திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு எதற்கு? விளையாட்டுக் கோப்புகள் இந்த ஐயத்தில் அடிக்கடி மாட்டுவதற்குக் காரணங்கள் உண்டு. திருட்டுப் படியெடுப்பைத் தடுக்க அவற்றை இறுக்கிச் சுருக்கி மறையாக்கம் செய்கிறார்கள். நச்சுநிரல் எழுதுபவர்களும் தங்கள் நிரலை ஒளிக்க அதையேதான் செய்கிறார்கள். போட்டியில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல்கள் கணினியின் ஆழத்துக்குப் போய் மற்ற நிரல்களைக் கண்காணிக்கின்றன. உளவு நிரல்களின் போக்கும் அதுவே. நேற்று வெளியான புதுப்பிப்பை உலகில் மிகச் சில கணினிகளே கண்டிருக்கும். சிறிய தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கோப்புகளில், ஆக்கியவர் யாரென்று காட்டும் இலக்கமுறைக் கையொப்பம் இடுவதுமில்லை. முகம் தெரியாத ஆளைப் படகுத்துறையில் நிறுத்தி வைப்பது போன்றதே மென்பொருளின் செயல்.

இனித் தமிழ்ச் சொல். கொரோனாக் காலத்தில் இலங்கை முழுவதும் வழங்கியது 'தனிமைப்படுத்தல்'. பதினான்கு நாள் அறிவித்தல் கதவில் ஒட்டப்பட்ட லயக் காம்பராவில், ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் குடும்பங்கள் இருக்க, ஒரே பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடிக்க, 'தனிமை' என்ற சொல் எவ்வளவு பொருந்தாமல் நின்றது என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அச்சொல்லில் காலவரையறை இல்லை, விடுவிப்பு இல்லை. உறுதியான நோயாளியையும் ஐயத்துக்குரியவரையும் அது பிரித்துக் காட்டுவதுமில்லை. கோப்புக்கோ தனிமை என்ற ஒன்றே கிடையாது. 'ஒதுக்கிவைத்தல்' பேச்சுக்கு எளிது. ஆனால், ஊரை விட்டு ஒதுக்கிய கொடுமையின் வாடை அதில் இன்னும் வீசுகிறது. 'தடுப்புக்காவல்' நம் நாட்டில் வேறொரு வலியின் பெயர். அதை இங்கே இழுக்கவே கூடாது. 'தொற்றுத்தடுப்பு' தடுப்பூசியையும் உள்ளடக்கிவிடும்.

ஆகவே 'தடைக்காப்பு' என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். தடுப்பதும் காப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை அது சொல்கிறது. அதைவிட முக்கியமான காரணம், 'காப்பு' என்ற சொல்லுக்குத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உள்ள உயிர். காப்புக் கட்டியபின் நேர்த்திக்காரர் வெளியூர் போய்த் தங்கமாட்டார். திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை அந்தக் கட்டு நிற்கும். நாள் உண்டு, கட்டு உண்டு, அவிழ்ப்பும் உண்டு.  அம்மை நோயோடு சேர்த்து வணங்கப்படும் தெய்வத்தின் திருவிழாவிலேயே இச்சொல் வாழ்கிறது என்பது எனக்குப் பெரும் நிறைவு தருகிறது. வெனிஸ் நகரத்தார் எண்ணிய நாற்பது நாட்களில் இருந்த கருத்து முழுவதும், கையில் கட்டிய அந்த மஞ்சள் கயிற்றில் இருக்கிறது.

இதனோடு சேர்ந்த சொற்களையும் இப்படியே அமைக்கலாம். 'ரிஸ்டோர்' என்பதற்கு 'விடுவித்தல்', 'டிலீட்' என்பதற்கு 'அழித்தல்', 'பிளாக்' என்பதற்குத் 'தடுத்தல்'. விளையாட்டு திறந்தும் அதைச் சேமிக்க முடியாமற்போவது சில வேளைகளில் தடுத்தலின் விளைவு. அப்போது எந்தக் கோப்பும் இடம் மாறியிருக்காது, ஆகவே காப்பறையில் தேடிப் பயனில்லை. குற்றமற்ற கோப்பை நச்சு என்று முடிவு செய்வதைப் 'பொய் ஐயம்' எனலாம். குறிப்பிட்ட கோப்புறையைச் சோதிக்காமல் விடுமாறு பணிப்பது 'விலக்கு'.

மருமகனுக்கு நான் தொலைபேசியிலேயே வழி சொன்னேன். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்புச் செயலியாயின், 'வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷன்' பகுதியில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' என்ற பட்டியலில் தடைக்காப்பில் உள்ளவை தெரியும். மற்ற மென்பொருள்களில் 'குவாரண்டைன்' என்ற பெயரிலேயே ஒரு பக்கம் இருக்கும். அவனுடையது இரண்டாம் வகை. கோப்பின் பெயரையும் அது முன்பு இருந்த இடத்தையும் வாசிக்கச் சொன்னேன். விளையாட்டின் கோப்புறைதான். வைரஸ் கார்டைப் புதுப்பித்து மறுபடி சோதிக்கச் செய்தோம், ஐயம் நீங்கிவிட்டது. விடுவிப்புப் பொத்தானை அழுத்தியதும் கோப்பு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அப்படி வராவிட்டாலும் முழுவதையும் மீண்டும் இறக்கத் தேவையில்லை. ஸ்டீம் போன்ற விளையாட்டுக் கடைகளில் நிறுவிய கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு. அது குறைபடுவதை மட்டுமே இறக்கும். ஆனால் ஐயம் நீங்காதிருந்தால் அதற்கு முன்னதாக விலக்குக் கொடுக்க வேண்டும், இல்லையேல் வந்த கோப்பு மீண்டும் காப்பறைக்கே போகும். விலக்கு அந்த விளையாட்டின் கோப்புறைக்கு மட்டுமே உரியது. முழு வட்டுக்கும் கொடுப்பதும், வைரஸ் கார்டையே நிறுத்தி வைப்பதும் வாசலைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம்.

நண்பனின் பென்டிரைவில் வந்த, காசு கொடுக்காமல் விளையாட்டைத் திறக்கும் 'கிராக்' கோப்பு தடைக்காப்புக்குப் போயிருந்தால் அதை விடுவிக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அங்கே ஐயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. கையொப்பமும் இல்லை, வந்த வழியும் தெரியாது. அந்தக் கோப்பு கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும்.